ஐந்து சதவீதம்

மாதக் கடைசி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு சிக்கனத் திட்டம் பிரகடனமாகும். அப்பா ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, கையில் மளிகைக் கடைச் சிட்டையுடன், நிதி மந்திரியைப்போல் அதை வாசிப்பார். அம்மாவுக்கு மத்தியானக் காப்பி ரத்து. எனக்கு வாரப் பத்திரிகை ரத்து. தம்பிக்குச் சனிக்கிழமை சினிமா ரத்து. கூடத்துச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்த பிறகு, ஒரே ஒரு கேள்வி கேட்பாள்:

"அதெல்லாம் சரிடாப்பா, உன் பொடி டப்பா?"

அப்பா பதில் சொல்லமாட்டார். தும்முவார்.

வெகு காலம் வரையில் நான் அந்தக் கேள்வியை ஒரு வேடிக்கை என்றே நினைத்திருந்தேன். பிற்பாடு, நாற்பதாயிரம் பேருக்குச் சோறு போட்ட ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் சரித்திரத்தைப் படித்தபோதுதான், பாட்டி எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுருக்கமாகக் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ். அதன் கதையைச் சொல்கிறேன். கதை என்று சொல்கிறேனே தவிர, இதில் என் கற்பனை ஒரு துளியும் இல்லை. நாவலாக எழுதியிருந்தால், "இப்படியும் மனிதர்கள் பிடிவாதம் பிடிப்பார்களா?" என்று நீங்களே என்னைக் கேட்டிருப்பீர்கள்.

1926ல் ஹெரால்ட் பிட்கெய்ர்ன் என்பவர் ஆரம்பித்த ஒரு சிறு கம்பெனி, முதலில் தபால் மூட்டைகளைத்தான் சுமந்தது. கை மாறி, பெயர் மாறி, 1938ல் அது எட்டி ரிக்கன்பேக்கர் வசம் வந்து சேர்ந்தது. விலை 35 லட்சம் டாலர். ரிக்கன்பேக்கர் சாதாரண ஆள் அல்ல. முதல் உலக யுத்தத்தில் 26 வான்வெற்றிகள் கண்ட விமானி. 1942ல் அவர் சென்ற விமானம் பசிபிக் சமுத்திரத்தில் இறங்கிவிட, 24 நாட்கள் ரப்பர்த் தோணியில் மிதந்து உயிரோடு திரும்பியவர். காசை எண்ணிச் செலவழிப்பதிலும் மகா கெட்டிக்காரர். அவருடைய காலத்தில் ஈஸ்டர்ன் கொழித்தது. நியூயார்க்கிலிருந்து மியாமி வரை அமெரிக்காவின் கீழைக் கரை முழுவதும் அதன் ராஜ்யம்தான்.

1961 ஏப்ரல் 30ந் தேதி அந்தக் கம்பெனி ஒரு புதுமை செய்தது. நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன் ஆகிய நகரங்களுக்கிடையே "ஷட்டில்" என்ற சேவை. முன்பதிவு வேண்டாம். நேரே வந்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான். விமானம் நிறைந்து ஒரே ஒரு பிரயாணி மிஞ்சினாலும், அந்த ஒருவருக்காக இன்னொரு விமானம் புறப்படும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் படியில் தொற்றிக்கொண்டு போன அனுபவம் உள்ளவர்களுக்கு இது தேவலோகத்துச் சமாசாரமாகத் தோன்றும். அப்படிப்பட்ட தாராளம் நடக்கக்கூடிய காலம் அது. ஏனென்றால், எந்தக் கம்பெனி எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் சர்க்காரின் வாரியம் ஒன்று நிர்ணயித்து வந்தது. செலவு கூடினால் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ள வழி உண்டு. சம்பளம் தாராளம், ஓட்டை உடைசல்கள் வெளியே தெரியாது.

இந்தக் கம்பெனிக்கு 1975ல் தலைவராக வந்தவர் பிராங்க் போர்மன். 1968 டிசம்பரில் அப்போலோ 8 விண்கலத்துக்குத் தலைவராக இருந்து, இரண்டு தோழர்களுடன் சந்திரனைப் பத்து முறை சுற்றிவிட்டுத் திரும்பினாரே, அதே போர்மன்தான். மனித குலத்தில் சந்திரனை முதன்முதலில் சுற்றி வந்த மூவரில் ஒருவர். நெஞ்சில் ஈரம் உள்ளவரும்கூட. 1972 டிசம்பரில் ஈஸ்டர்ன் விமானம் ஒன்று மியாமிக்கு அருகே சதுப்பு நிலத்தில் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது கம்பெனியின் உபதலைவர்களில் ஒருவராக இருந்த அவர், அன்றிரவே அங்கே போய், சேற்றில் இறங்கி, தப்பிப் பிழைத்தவர்களைத் தூக்கிவிட உதவினார்.

தலைமைப் பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், மேலே உட்கார்ந்திருந்தவர்களின் சலுகைகளில் கை வைத்தது. உபதலைவர்கள் பலர் பதவி இழந்தார்கள். அதிகாரிகளின் சுகபோகங்கள் போயின. அவரே பழைய செவ்ரலே காரை ஓட்டிக்கொண்டு காரியாலயத்துக்கு வந்தார். அதாவது, எங்கள் பாட்டியின் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. பொடி டப்பாவை முதலில் அவரே வைத்துவிட்டார்!

பிறகுதான் தொழிலாளிகளிடம் வந்தார். 1976ல் சம்பள உயர்வு வேண்டாம் என்று கேட்டார். ஒப்புக்கொண்டார்கள். அடுத்தபடி ஒரு விசித்திரமான திட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொருவர் சம்பளத்திலும் 3.5 சதவீதம் பணயமாக நிற்கும். கம்பெனியின் லாபம் வருமானத்தில் 2 சதவீதத்தை எட்டாவிட்டால் அந்தப் பணம் கம்பெனிக்கு. நன்றாகச் சம்பாதித்தால் தொழிலாளிக்கும் பங்கு. அதற்கும் சம்மதித்தார்கள். 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு வருஷங்கள் லாபம். தொலைக்காட்சி விளம்பரத்தில் போர்மனே தோன்றி, எங்கள் சிறகுகளை நாங்கள் தினந்தோறும் உழைத்துத்தான் பெற வேண்டியிருக்கிறது என்ற பொருள்படப் பேசினார். ஜனங்கள் நம்பினார்கள். சிப்பந்திகளும் நம்பினார்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம்.

இங்கே கதை முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் அது. இனி யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் கட்டணம் வைக்கலாம். பிரயாணிகளுக்குக் கொண்டாட்டம். பழைய கம்பெனிகளுக்குத் திண்டாட்டம். 1981ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதுக் கம்பெனி நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூவார்க்கிலிருந்து கிளம்பியது. பெட்டிக்குத் தனிக் காசு, தின்பண்டத்துக்குத் தனிக் காசு, டிக்கெட்டு மட்டும் கொள்ளை மலிவு. சங்கம் இல்லாத, குறைந்த சம்பளச் சிப்பந்திகளை வைத்துக்கொண்டு பறந்த இத்தகைய கம்பெனிகளோடு ஈஸ்டர்ன் எப்படிப் போட்டி போட முடியும்?

இதற்கு நடுவில், எரிபொருள் ஏறுவிலையில் விற்ற காலத்தில், அதை மிச்சப்படுத்தும் புது விமானங்களைப் போர்மன் வாங்கிக் குவித்தார். ஐரோப்பாவின் ஏர்பஸ் விமானத்தை அமெரிக்காவில் முதன்முதல் வாங்கிய கம்பெனி ஈஸ்டர்ன்தான். போயிங் 757ஐ 1983 ஜனவரியில் முதன்முதல் பிரயாணிகளுக்காக ஓட்டிய கம்பெனியும் அதுதான். எல்லாம் அருமையான விமானங்கள். எல்லாம் கடன். கடன் 200 கோடி டாலரைத் தாண்டியது. கணக்கு மட்டும் காகிதத்தில் சரியாகவே இருந்தது. கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவர்களிடமும் காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

1980லிருந்து நஷ்டம் ஆரம்பித்தது. 1983ல் மட்டும் 18 கோடி டாலருக்கு மேல்.

இந்தக் கட்டத்தில்தான் கதையின் இரண்டாவது பாத்திரம் மேடைக்கு வருகிறார். சார்லஸ் பிரையன். ஈஸ்டர்னில் மெக்கானிக்காக வேலை பார்த்து, மெக்கானிக்குகள் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 'மூன்றரை சதவீதத் திட்டத்தில் எங்கள் ஆட்கள் கொட்டிக் கொடுத்தது போதும். கம்பெனியோ அந்தப் பணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விமானம் விமானமாக வாங்கித் தள்ளுகிறது' என்பது அவருடைய கட்சி. 1983 மார்ச்சில் வேலைநிறுத்தம் வாசற்படி வரை வந்துவிட்டது. கொடுத்தால் கம்பெனி தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்த போர்மன், கடைசியில் மூன்று வருஷத்துக்கு 32 சதவீத உயர்வு கொடுத்துப் பணிந்தார்.

வாசகர்கள் இந்த இடத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "புலி வருகிறது" என்று போர்மன் கூவினார். புலி வரவில்லை. கேட்ட பணம் கிடைத்தது. கூவியவர் கூறிய காரணம் பொய் என்று தொழிலாளிகள் முடிவு கட்டியதில் என்ன ஆச்சரியம்?

ஆறே மாதத்தில் புலியின் உறுமல் பக்கத்து வீட்டில் கேட்டது. 1983 செப்டம்பரில் கான்டினென்டல் என்ற விமானக் கம்பெனி திவால் நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்து, சங்கங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களைக் கிழித்துப் போட்டது. மூன்றில் இரண்டு பங்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் பேரைப் பாதிச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. அதை நடத்தியவர் பெயரும் பிராங்க்தான், பிராங்க் லொரென்சோ. அவர் பெயரைக் கேட்டாலே அமெரிக்க விமானத் தொழிலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

ஈஸ்டர்ன் சிப்பந்திகள் இறங்கி வந்தார்கள். 1983 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மெக்கானிக்குகளும் பணிப்பெண்களும் 18 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். விமானிகள் 22 சதவீதம். ஒரு வருஷத்துக்கு மட்டும். பதிலுக்குக் கம்பெனியின் பங்குகளில் நான்கில் ஒன்று அவர்களுக்கு. இயக்குநர் குழுவில் ஆசனங்கள். பிரையனுக்கே ஓர் ஆசனம். கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையும் உண்டு.

1984ஆம் வருஷம் அந்தக் கம்பெனியில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. நேற்று வரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே வண்டியை இழுத்தார்கள். வெளியே கொடுத்துச் செய்துகொண்டிருந்த வேலைகளை மெக்கானிக்குகள் உள்ளேயே குறைந்த செலவில் செய்து காட்டினார்கள். எங்கே விரயம் என்று மேஸ்திரிக்குத் தெரியாதது, ஸ்பானர் பிடித்தவனுக்குத் தெரிந்திருந்தது. நஷ்டம் நாலு கோடி டாலருக்கும் கீழே இறங்கியது.

வருஷம் முடிந்தது. ஒரு வருஷம் என்று சொன்ன வாக்கும் முடிந்தது. 1985 ஜனவரியில் சம்பளம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. குறைத்த சம்பளமே தொடரும் என்று போர்மன் யாரையும் கேட்காமல் தாமாகவே அறிவித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் நடந்த இன்னொரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒரு மாதம் அப்பா ரோஷப்பட்டு, பொடி டப்பாவைப் பாட்டியின் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார். "இந்தா, நானும் விட்டாயிற்று. இப்போது திருப்திதானே?" என்றார். பாட்டி டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு, "ரொம்ப சந்தோஷம். ஆனால் இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்றாள். அப்பா அதற்கு வாய் திறக்கவில்லை.

முதல் கேள்விக்குப் போர்மனிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. அவர் கெட்டவர் அல்ல. கடன்காரர்கள் கழுத்தைப் பிடித்திருந்தார்கள். பணம் உண்மையிலேயே இல்லை. ஆனால் சந்திரனுக்குப் போன கலத்தில் கணக்கு சரியாக இருந்தால் போதும்; என்ஜினுக்கு ஞாபகம் கிடையாது. மனிதர்களுக்கு ஞாபகம் உண்டு. வாக்கு ஒருமுறை தவறினால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் அது காதில் ஏறாது.

அடுத்த முறை சீக்கிரமே வந்தது. 1986 ஜனவரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பணிப்பெண்களுக்கு வேலை போயிற்று. கடன் கொடுத்தவர்கள் பிப்ரவரி மாதக் கடைசி வரை கெடு வைத்தார்கள். மூன்று சங்கங்களும் 20 சதவீதம் விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் திவால், அல்லது விற்பனை என்றார் போர்மன். வாங்குவதற்குத் தயாராகக் காத்திருந்தவர் யார் தெரியுமா? லொரென்சோ!

1986 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. மியாமியில் ஈஸ்டர்ன் தலைமைக் காரியாலயத்தில் இயக்குநர்கள் இரவெல்லாம் கூடியிருந்தார்கள். விமானிகள் 20 சதவீதத்துக்குச் சம்மதம் என்றார்கள். பணிப்பெண்களின் சங்கமும் இறங்கி வந்தது. மிச்சம் பிரையன் ஒருவர்தான். அவர் அசையவில்லை. முதலில் எதுவுமே கிடையாது என்றவர், கடைசி நேரத்தில் 15 சதவீதம் தருகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: போர்மன் பதவியை விட்டுப் போக வேண்டும்.

இருபதுக்கும் பதினைந்துக்கும் நடுவே ஐந்து சதவீதம். பாண்டவர்கள் கேட்டதும் ஐந்து ஊர்தானே? ஊசி முனை நிலம்கூடக் கிடையாது என்ற வீம்பு அஸ்தினாபுரத்துக்கு மட்டும் சொந்தமல்ல. இந்தக் கம்பெனியை அழித்தது நீங்கள்தான் என்று உலகத்துக்குச் சொல்வேன் என்று ஒருவர் சொல்ல, நீங்கள்தான் என்று நானும் சொல்வேன் என்று மற்றவர் சொன்னதாகச் சரித்திரம் எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு நியாயம் கையில் இருந்தது. பிரையனுக்கு மூன்று வருஷத்து அனுபவம்: இவர் மிரட்டுவார், பிறகு பணிவார். போர்மனுக்கும் மூன்று வருஷத்து அனுபவம்: இவருக்குப் பணிந்ததால்தான் வந்த வினை. இரண்டு பேருமே நேற்றைய நியாயத்தை வைத்துக்கொண்டு இன்றைய சண்டையைப் போட்டார்கள்.

பொழுது விடிவதற்குள் ஈஸ்டர்ன் கம்பெனியை லொரென்சோவின் டெக்ஸாஸ் ஏர் ஸ்தாபனத்துக்குச் சுமார் 60 கோடி டாலருக்கு விற்பதாகத் தீர்மானம் ஆயிற்று. 15 சதவீதமா, 20 சதவீதமா என்ற கேள்வியே அன்றோடு ஒழிந்தது. போர்மன் சில மாதங்களில் விலகினார். பிரையனின் நிபந்தனை நிறைவேறிவிட்டது!

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். கம்பெனியின் நல்ல உடைமைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. டிக்கெட்டுப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் அமைப்பு தாய்க் கம்பெனிக்கே மலிவாகப் போயிற்று. இப்படி நடந்த 15 பரிவர்த்தனைகளில் 12ல் ஈஸ்டர்னுக்கு அநீதி இழைக்கப்பட்டதற்கு ஆதாரம் இருக்கிறது என்றும், அந்த வகையில் 28 கோடி டாலருக்கு மேல் அதற்கு வர வேண்டியிருக்கிறது என்றும் நீதிமன்றம் நியமித்த ஆய்வாளர் 1990ல் அறிக்கை கொடுத்தார். 1989 மார்ச் 4ந் தேதி மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1986ல் 20 சதவீதத்துக்குத் தலையாட்டிய விமானிகளும், கூடவே பணிப்பெண்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். போர்மனாலும் ஒற்றுமை உண்டாக்க முடியவில்லை, பிரையனாலும் முடியவில்லை. லொரென்சோ உண்டாக்கிவிட்டார். ஐந்து நாளில் கம்பெனி திவால் நீதிமன்றத்தில் நின்றது.

அப்போதும் ஒரு வழி திறந்தது. 1984ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயங்களை நடத்திப் பேர் வாங்கிய பீட்டர் யூபெரோத் கம்பெனியை வாங்க முன்வந்தார். சங்கங்களும் சம்மதித்தன. விற்பனை முடியும்வரை நிர்வாகம் யார் கையில் இருப்பது என்ற ஒரு கேள்வியில் அது முறிந்தது. லொரென்சோவின் கையில் ஒரு நாள்கூட வேண்டாம் என்றன சங்கங்கள். நடுவர் ஒருவர் கையில் கொடுக்க மாட்டேன் என்றார் லொரென்சோ. ஒரே ஒரு பிரயாணிக்காகத் தனி விமானம் விட்டதே, அந்த ஷட்டில் சேவையை அதே வருஷம் 36 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான டொனால்டு டிரம்ப். 1990 ஏப்ரலில் நீதிபதி லொரென்சோவிடமிருந்து கம்பெனியைப் பிடுங்கி ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். காலம் கடந்துவிட்டது. குவைத் விவகாரத்தால் எரிபொருள் விலை ஏறியது; யுத்தம் மூண்டது. 1991 ஜனவரி 18ந் தேதி நள்ளிரவோடு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நின்றது. கடைசிவரை இருந்த சுமார் 18,000 பேர் அன்றிரவு வேலை இழந்தார்கள். அதற்கு முன்பே போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்.

அந்த ஐந்து சதவீதத்தை விட்டுக்கொடுத்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்குமா? நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. கடன் மலைபோல் இருந்தது. உலகப் பிரசித்தி பெற்ற பான் அமெரிக்கன் கம்பெனியே அதே 1991 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் சாவிலும் வித்தியாசம் இருக்கிறது. வெஸ்டர்ன் என்று இன்னொரு விமானக் கம்பெனி. அங்கேயும் நஷ்டம்; அங்கேயும் சிப்பந்திகள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் பங்கு வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி தலையெடுத்தது, 1987ல் டெல்டா என்ற பெரிய கம்பெனியோடு இணைந்தது. பெயர் மறைந்தது. வேலை மறையவில்லை. மியாமியில் ஒரு மெக்கானிக்கின் மனைவிக்கு இந்த வித்தியாசம் போதும். கம்பெனியின் பெயர்ப் பலகையை அவள் அடுப்பில் ஏற்ற முடியாது.

போர்மன் 2023 நவம்பரில், 95 வயதில் காலமானார். சந்திரனைச் சுற்றிய கதையை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதுதான் நியாயம். ஆனால் எனக்கு என்னவோ, சேற்றில் இறங்கி உயிருக்குப் போராடியவர்களைத் தூக்கிவிட்ட அந்த மனிதரும், ஜனவரி மாதத்தில் வாக்கை மீறிய அந்த மனிதரும் ஒருவர்தானா என்ற எண்ணமே வந்துகொண்டிருந்தது. ஒருவர்தான். நெருக்கடி வந்தால் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இரண்டு பேராக இருக்கிறோம்.

எங்கள் வீட்டு விஷயத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். அப்பா பொடியை விட்டது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் பாட்டியின் முந்தானை முடிச்சு தளர்ந்திருந்தது. அடுத்த வருஷம் அப்பாவுக்குச் சம்பளம் உயர்ந்தது. எனக்குப் பத்திரிகை திரும்பி வந்தது. தம்பிக்குச் சினிமா திரும்பி வந்தது. அம்மாவின் மத்தியானக் காப்பியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வெகு நாள் கழித்து நான் கேட்டபோது, "பழக்கம் விட்டுப்போச்சுடா" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.